பாத ரிஃப்ளெக்ஸாலஜி: முதல்முறை கை வைப்பவர்களுக்கு

நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்தவருக்குக் கால் பிடித்துவிடுவது நம் வீடுகளில் புதிய வழக்கம் இல்லை. அதையே ஓர் ஒழுங்கோடு, ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு, விரல் நகர்வு ஒவ்வொன்றையும் பழகிச் செய்வதுதான் ரிஃப்ளெக்ஸாலஜி. வீட்டில் இருப்பவர்களுக்குச் செய்ய விரும்புகிறவர்களையும், பின்னால் முறையாகப் படிக்கலாமா என்று யோசிக்கிறவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். விரலை நகர்த்தும் விதம் சில வாரப் பழக்கத்தில் வந்துவிடும். யார் காலில் கை வைக்கக் கூடாது என்று தெரிந்துகொள்வதற்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். அதனால் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி அதற்கே போகும்.

இது எங்கிருந்து வந்தது, எதுவரை உதவும்

அமெரிக்காவில் காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட், உடம்பைத் தலையிலிருந்து கால்வரை பத்து நெடுக்குப் பட்டைகளாகப் பிரித்துப் பார்த்தார். ஒரு பட்டையில் ஓரிடத்தை அழுத்தினால் அதே பட்டையில் வேறோர் இடத்து வலி குறையும் என்பது அவர் கருத்து. 1917-இல் எட்வின் பவர்ஸுடன் சேர்ந்து இதைப் புத்தகமாக வெளியிட்டார். 1930-களில் யூனிஸ் இங்ஹாம் என்ற இயன்முறை சிகிச்சையாளர் இந்த எண்ணத்தைப் பாதத்தில் குவித்து, எந்த இடம் எந்த உறுப்புக்கு என்று குறித்தார். இன்று சுவர்களில் தொங்கும் பாத வரைபடங்கள் பெரும்பாலும் அவர் வழியில் வந்தவை. சிங்கப்பூர், மலேசியா பக்கம் இருக்கும் தமிழர்கள் கடைகளில் பார்ப்பது கொஞ்சம் வேறு மாதிரி. தைவானில் பணியாற்றிய ஜோசப் ஓய்க்ஸ்டர் என்ற சுவிட்சர்லாந்துப் பாதிரியார் பரப்பிய முறையின் செல்வாக்கு அந்தப் பகுதியில் அதிகம். அங்கே அழுத்தம் கூடுதலாக இருக்கும், மரக்குச்சியும் பயன்படுத்துவார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் குச்சியைத் தொடவே வேண்டாம். எவ்வளவு அழுத்துகிறோம் என்பது விரலுக்குத் தெரியும், குச்சிக்குத் தெரியாது.

வரைபடத்தில் ‘சிறுநீரகம்’ என்று எழுதியிருக்கும் இடத்திலிருந்து சிறுநீரகத்துக்குத் தனி நரம்போ குழாயோ போகவில்லை. அந்த இடம் வலிப்பதால் சிறுநீரகத்தில் கோளாறு என்று சொல்லவும் முடியாது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், இது எந்த நோயையும் குணப்படுத்துவதாக உறுதியான சான்று இல்லை என்றே எழுதியிருக்கிறார்கள். உடம்பு தளர்வது, பதற்றம் தணிவது, படுத்தால் தூக்கம் வருவது போன்றவற்றில்தான் இதன் பலன் தெரிகிறது. இதைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த பெண்களின் வீட்டாருக்கே ரிஃப்ளெக்ஸாலஜி சொல்லிக்கொடுத்து, வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம், 4 வாரங்கள் செய்ய வைத்தார்கள். 2017-இல் வெளியான முடிவின்படி, செய்துகொள்ளாத பெண்களைவிட இவர்களுக்குத் தொந்தரவுகளின் கடுமை குறைந்திருந்தது. அந்தப் பெண்கள் மருத்துவர் பார்வையில் இருந்தார்கள், வீட்டாருக்குப் பயிற்சி பெற்றவர்கள் கற்றுக்கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வீட்டு மனிதரின் கை ஆறுதல் தரும், அந்தக் கைக்கு முதலில் முறையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நான் நம்புவதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம்.

கையும் இடமும்

நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். கட்டைவிரல் நகம் துளி நீண்டிருந்தாலும் பாதத்தில் பிறைபிறையாகத் தடம் விழும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். கை சில்லென்றிருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொடுங்கள். உங்கள் கையில் வெட்டுக்காயமோ படையோ இருந்தால் அது ஆறும்வரை செய்யாதீர்கள்.

எதிராளி சாய்வு நாற்காலியில் காலை நீட்டி உட்காரட்டும், அல்லது கட்டிலில் தலைக்கும் முழங்காலுக்கு அடியிலும் தலையணை வைத்துப் படுக்கட்டும். முழங்கால் விறைப்பாக நீண்டிருந்தால் காலின் பின்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும், பாதம் தளராது. நீங்கள் பாதங்களுக்கு எதிரே முக்காலியில் உட்காருங்கள். பாதம் உங்கள் வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்க வேண்டும். தரையில் பாயைப் போட்டுச் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். செய்யலாம், ஆனால் கொஞ்ச நேரத்திலேயே உங்கள் முதுகு வளைந்துவிடும். முதுகு வலித்தால் அழுத்தமும் ஒரே சீராக இருக்காது. எதிராளியின் முகம் உங்களுக்குத் தெரிய வேண்டும். ‘வலிக்கவில்லை’ என்று வாய் சொல்லும்போதே புருவம் சுருங்குவதை முகத்தைப் பார்த்தால்தான் பிடிக்க முடியும்.

வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தால் ஒரு மணி நேரமாவது கழியட்டும். ஒரு பாதத்தில் வேலை செய்யும்போது மற்றதைத் துண்டால் மூடிவையுங்கள். மின்விசிறிக் காற்றில் பாதம் சீக்கிரமே குளிர்ந்துவிடும்.

எண்ணெயை முதலில் தடவாதீர்கள். விரல் வழுக்கினால் அழுத்தம் ஓரிடத்தில் நிற்காது. ஈரமில்லாத, சுத்தமான பாதத்தில் வெறும் கையால் செய்வதே பழக நல்லது. கடைசியில் தடவிவிட இரண்டு மூன்று சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். தைலம், வலி நிவாரணக் களிம்பு எதுவும் வேண்டாம். வெடிப்பில் பட்டால் எரியும், சிலருக்குத் தோல் சிவந்து தடித்துவிடும்.

இன்னொன்று, நம் ஊரில் காலைத் தொடுவதில் நிறைய மரியாதைக் கணக்கு இருக்கிறது. வயதில் பெரியவர் சின்னவர் காலைத் தொட்டால் சின்னவர் பதறி இழுத்துக்கொள்வார். மாமியார் மருமகளிடம் காலை நீட்டத் தயங்குவார். என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு நேரம் ஆகும், எப்போது வேண்டுமானாலும் போதும் என்று சொல்லலாம் என்பதையெல்லாம் முன்பே பேசிவிடுங்கள். சம்மதம் அரைகுறையாக இருந்தால் அன்று விட்டுவிடுவது நல்லது.

கேட்க வேண்டியவை

‘உடம்புக்கு ஏதாவது இருக்கா?’ என்று கேட்டால் ‘ஒண்ணுமில்ல’ என்றுதான் பதில் வரும். இருபது வருடமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவரும் அப்படித்தான் சொல்வார், அது அவருக்குப் பழகிப்போயிருக்கும். அதனால், ‘தினமும் என்ன மாத்திரை சாப்பிடுறீங்க? அந்தப் பையைக் கொஞ்சம் கொண்டு வாங்க’ என்று கேளுங்கள். மாத்திரைப் பை நிறையச் சொல்லும்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு லேசான அழுத்தத்திலேயே கன்றிப்போகும். அவர்களுடைய மருத்துவர் சரி என்று சொல்லாமல் தொடக்கூடாது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்கிறவர்களுக்கும் இதே விதி; ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருந்தால் எளிதில் ரத்தம் கசியும். கர்ப்பமாக இருக்கிறார் என்றால், புதிதாகப் பழகும் நீங்கள் செய்யாதீர்கள். கர்ப்ப காலத்தில் காலில் ரத்தம் உறைய வாய்ப்புக் கூடுதல் என்பதால், அந்த வேலை அதற்கென்று தனியாகப் பயிற்சி பெற்றவர்களுக்கும் மருத்துவர்களுக்கும் உரியது. இப்போது காய்ச்சல் இருக்கிறதா, அண்மையில் அறுவை சிகிச்சை நடந்ததா, எலும்பு முறிந்ததா, பல நாள் படுக்கையில் இருந்தாரா, நீண்ட பயணம் முடித்து வந்தாரா என்றும் கேளுங்கள். இதயக் கோளாறோ வலிப்போ இருந்து இன்னும் கட்டுக்குள் வரவில்லை என்றால் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

பார்க்க வேண்டியவை

நல்ல வெளிச்சத்தில் இரண்டு பாதத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். ஒற்றைப் பாதத்தை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

மிக முக்கியமானது இது. ஒரு கால் மட்டும் வீங்கி, ஆடுசதை வலித்து, தொட்டால் சுடுகிறது, சிவந்தோ நிறம் மாறியோ இருக்கிறது என்றால் உள்ளே ஆழமான ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலைப் பிடித்துவிட்டால் உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். கை வைக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். ‘கொஞ்சம் பிடிச்சுவிட்டா சரியாயிடும்’ என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் இடம் கொடுக்கக் கூடாது.

இரண்டு காலும் வீங்கியிருந்தால், கணுக்காலுக்குச் சற்று மேலே எலும்பின்மீது கட்டைவிரலால் சில நொடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து நின்றால் நீர் கோத்திருக்கிறது. இதயம், சிறுநீரகம், கல்லீரல், மாத்திரையின் பக்கவிளைவு என்று அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். நீரை அழுத்தித் தள்ளிவிடலாம் என்று முயலாதீர்கள், மருத்துவர் பார்க்கட்டும். யானைக்கால் நோய் வீக்கத்துக்கும் இது பொருந்தும். அந்தத் தோலில் சின்னக் கீறல் விழுந்தாலும் கிருமி புகுந்து காய்ச்சலில் கொண்டுபோய் விடும்.

கால் கட்டைவிரல் மூட்டு சிவந்து, துணி பட்டாலே துடிக்கிறார் என்றால் அது கௌட்டாக, அதாவது யூரிக் அமிலம் சேர்வதால் வரும் மூட்டு வீக்கமாக இருக்கலாம். பாதம் சில்லிட்டு நீலம் பாரித்திருக்கிறது, கொஞ்ச தூரம் நடந்தால் ஆடுசதை பிடித்துக்கொள்கிறது, நின்றால் விடுகிறது என்றால் காலுக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம். இரண்டிலும் தொடாதீர்கள். விரல் இடுக்கில் சேற்றுப்புண், பாதத்தில் மரு, ரத்தம் கசியும் பித்தவெடிப்பு இருந்தால் குணமாகும்வரை தள்ளிப்போடலாம். ஆறாத புண் இருந்தால் எதுவும் யோசிக்க வேண்டாம், சிகிச்சைக்கு அனுப்ப வேண்டியதுதான். புடைத்துச் சுருண்ட ரத்தக்குழாயின்மீது (வெரிகோஸ்) எப்போதும் அழுத்தக்கூடாது. கால் ஆணி இருந்தால் அந்த இடத்தை மட்டும் தாண்டிப் போகலாம்.

சர்க்கரை நோய் இருப்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நம் வீடுகளில் முதலில் கால் நீட்டுகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். சர்க்கரையால் பாதத்தின் உணர்ச்சி மெதுவாகக் குறையும். அப்புறம் அழுத்தம் அதிகமாகிவிட்டது என்று அவரால் சொல்லவே முடியாது. மருத்துவமனைகளில் செய்யும் எளிய தொடு சோதனை ஒன்று இருக்கிறது. அவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். உங்கள் சுட்டுவிரல் நுனியால் ஒவ்வொரு பாதத்திலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை வரிசை மாற்றி மாற்றித் தொடுங்கள். ஒன்றிரண்டு நொடி, மெல்லத் தொட்டு எடுக்க வேண்டும். குத்தவோ தடவவோ கூடாது. தொடும்போதெல்லாம் வலது, இடது என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தவறினால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அழுத்தும் வேலையை விட்டுவிட்டு மருத்துவரிடம் பாதத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஆறையும் சரியாகச் சொல்லிவிட்டாலும், பழகும் காலத்தில் அவருக்கு மிக மென்மையாக மட்டும் செய்யுங்கள். பாதத்தை வெந்நீரில் ஊறவைத்துவிட்டுத் தொடங்கும் பழக்கத்தைச் சர்க்கரை நோயாளிகளிடம் அறவே விட்டுவிடுங்கள். சூடு தெரியாமல் பாதம் வெந்துபோனவர்கள் உண்டு.

வரைபடத்தைப் படிக்கும் விதம்

இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்தால் ஒரு முழு உடம்பு என்று வரைபடம் எண்ணிக்கொள்கிறது. விரல்கள் தலையும் முகமும். விரல்களுக்குக் கீழே இருக்கும் மேடு நெஞ்சும் நுரையீரலும். குழிவான நடுப்பகுதி வயிறும் குடலும். குதிகால் இடுப்புப் பகுதி. பாதத்தின் உள்விளிம்பு முதுகெலும்பு. கல்லீரல் வலது பாதத்தில், மண்ணீரல் இடது பாதத்தில். மேடு முடிந்து குழிவு தொடங்கும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டால் அது உதரவிதானக் கோடு (உதரவிதானம் என்பது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை). பள்ளிக்குப் பள்ளி சில புள்ளிகள் இடம் மாறும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பாதத்தில் ஓர் இடம்கூட விட்டுப்போகாமல் வரிசையாகப் போய்வர உதவும் வழித்தடமாக இந்தப் படத்தை வைத்துக்கொள்ளுங்கள். நோய் கண்டுபிடிக்க இதை எடுக்காதீர்கள்.

கட்டைவிரல் நடை

இதுதான் அடிப்படை நகர்வு. கட்டைவிரலின் முதல் மூட்டை மட்டும் மடக்கி, நிமிர்த்தி, மடக்கி, நிமிர்த்தி முன்னால் போக வேண்டும். கம்பளிப்புழு ஊர்வதைப் பார்த்திருப்பீர்கள், அப்படித்தான். ஒவ்வோர் அடியும் நெல்மணி அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும். விரல் முன்னோக்கி மட்டுமே போகும், பின்னால் இழுக்கக் கூடாது. தோலை விட்டு எடுக்காமலும் தோல்மேல் தேய்க்காமலும் நகர வேண்டும். மற்ற நான்கு விரல்களும் பாதத்தின் மேல்பக்கம் அணைத்திருக்கும், அழுத்தம் அந்தப் பிடிமானத்திலிருந்து வருகிறது. கட்டைவிரலை மட்டும் நம்பி அழுத்தினால் சில நாளில் உங்கள் விரல் மூட்டு வலிக்கத் தொடங்கும். இன்னொரு கை சும்மா இருக்கக் கூடாது, பாதத்தைத் தாங்கி, விரல்களை லேசாகப் பின்னால் சாய்த்துப் பிடித்திருக்க வேண்டும்.

முதலில் உங்கள் முன்கையில் பழகுங்கள், அப்புறம் உங்கள் பாதத்திலேயே. டிவி பார்க்கும்போது ஒரு காலை இன்னொரு தொடைமேல் போட்டுக்கொண்டு செய்யலாம். அடி ஒரே அளவாக வருகிறதா, நகம் படுகிறதா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். வலக்கை பழகியதும் இடக்கையையும் பழக்குங்கள்.

அழுத்தம் எவ்வளவு? பூஜ்யம் என்றால் தொட்டதே தெரியவில்லை, பத்து என்றால் தாங்கவே முடியவில்லை என்று வைத்துக்கொண்டு, நான்கைத் தாண்ட வேண்டாம். தொடக்கத்தில் இரண்டு, மூன்று போதும். ‘வலிச்சாதான் நோய் போகும்’ என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அதை நம்பாதீர்கள். வலியில் உடம்பு இறுகும், நாம் கொண்டுவர நினைக்கும் தளர்வு போய்விடும். கன்றிப்போன பாதத்தோடு யாரையும் அனுப்பக் கூடாது.

ஒரு முழுச் சுற்று

முதல் சில முறை ஒரு பாதத்துக்குப் பத்து நிமிடம் போதும். வலது பாதத்தில் தொடங்குவது வழக்கம்.

இரண்டு உள்ளங்கையாலும் பாதத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா சில மூச்சு இருங்கள். பிறகு பாதத்தின் இரு ஓரத்திலும் கை வைத்து இடமும் வலமும் மெல்ல அசைத்துவிடுங்கள். குதிகாலைத் தாங்கிப் பிடித்துக் கணுக்காலை இரண்டு பக்கமும் சுழற்றுங்கள். தானாகச் சுழலும் அளவுக்குத்தான், திருகக் கூடாது. விரல் ஒவ்வொன்றையும் அடியில் பிடித்துச் சின்னதாகச் சுழற்றுங்கள். சொடுக்கு எடுக்காதீர்கள். மேட்டுக்குக் கீழே நடுவில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அங்கே கட்டைவிரலை வைத்து, அவர் மூச்சை இழுக்கும்போது மெல்ல அழுத்தி, விடும்போது தளர்த்துங்கள். இதை மூன்று நான்கு தடவை செய்தாலே தோள் இறங்குவதைப் பார்க்கலாம்.

இனி கட்டைவிரல் நடை. விரல்களின் அடிப்பக்கம் நுனியிலிருந்து கீழே வாருங்கள், கட்டைவிரலுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். அப்புறம் மேட்டில், விரல் எலும்புகளுக்கு இடைப்பட்ட பள்ளங்கள் வழியாக மேலே போங்கள். உதரவிதானக் கோட்டின் குறுக்கே ஒரு நடை. குழிவுப் பகுதியில் குறுக்கே, வரி வரியாக. இங்கே ஒரு கவனம் வேண்டும். அவருடைய கால் கட்டைவிரலைப் பின்னால் சாய்த்தால் குழிவில் நாண் மாதிரி ஒன்று புடைத்துத் தெரியும், அதன்மீது அழுத்தாதீர்கள். விரலைத் தளரவிட்டால் அது உள்ளே போய்விடும், அப்போது மெதுவாகச் செய்யலாம். குதிகால் தோல் தடித்தது, அங்கே கொஞ்சம் கூடுதலாக அழுத்தலாம். குதிகாலிலிருந்து உள்விளிம்பு வழியாகக் கட்டைவிரல்வரை, பிறகு வெளிவிளிம்பு. பாதத்தின் மேல்பக்கமும் கணுக்கால் எலும்பைச் சுற்றியும் தோல் மெல்லியது, விரல் நுனியால் வருடினாலே போதும். முடிந்ததும் அந்தப் பாதத்தை மூடிவைத்து அடுத்ததற்குப் போங்கள்.

இடையில் ஆடுசதை பிடித்துக்கொண்டால் நிறுத்திவிட்டு, முழங்கால் நீண்டிருக்க, பாதத்தை மெல்ல அவர் பக்கம் சாய்த்துப் பிடியுங்கள், விட்டுவிடும். தலைசுற்றுகிறது, வியர்க்கிறது, குமட்டுகிறது என்றால் அத்தோடு போதும். நெஞ்சு வலியோ மூச்சுத்திணறலோ வந்தால் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990, உடனே கூப்பிடுங்கள். சிலர் காரணம் சொல்லாமல் அழுவார்கள். கையை எடுக்காமல், எதுவும் கேட்காமல் கொஞ்ச நேரம் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருங்கள். தொடரலாமா என்று அப்புறம் கேட்டால் போதும்.

முடிந்த பிறகு

எண்ணெய் தடவியிருந்தால் பாதத்தைத் துண்டால் சுத்தமாகத் துடைத்த பிறகே எழுந்திருக்கவிடுங்கள். டைல்ஸ் தரையில் எண்ணெய்க் காலோடு வழுக்கினால் இடுப்பெலும்பு போய்விடும். பிரஷர் மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். சில நிமிடம் உட்கார்ந்து, பிறகு பிடித்துக்கொண்டு எழட்டும். தாகம் எடுத்தால் தண்ணீர் குடிக்கலாம். நச்சு வெளியேறுவதற்காக லிட்டர் லிட்டராகக் குடிக்க வேண்டும் என்பதில் உண்மை இல்லை. மறுநாள் தலைவலியோ காய்ச்சலோ வந்தால் ‘கழிவு வெளியே போகுது’ என்று சமாதானம் சொல்லாதீர்கள், அதற்கு வேறு காரணம் இருக்கும். மாத்திரையைக் குறைக்கலாமா என்று உங்களிடம் கேட்டால் ஒரே பதில்தான்: எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள்.

கையைக் கழுவுங்கள், துண்டைத் துவைத்து வெயிலில் போடுங்கள். ஒரு நோட்டில் தேதி, அவர் சொன்ன மாத்திரைகள், பாதத்தில் பார்த்தது, எவ்வளவு நேரம் செய்தீர்கள், மறுநாள் அவர் என்ன சொன்னார் என்று எழுதிவையுங்கள். போன வாரம் இல்லாத வீக்கம் இந்த வாரம் வந்திருப்பதை அந்த நோட்டுதான் காட்டிக்கொடுக்கும்.

இதைத் தொழிலாக எடுத்துக்கொள்ள ஆசை வந்தால் வகுப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். உடற்கூறியலும் தொற்றுத் தடுப்பும் பாடத்தில் இருக்கிறதா, ஆசிரியர் பக்கத்தில் இருந்து பார்க்க நீங்கள் பலருடைய பாதத்தில் செய்து பழக வாய்ப்பு உண்டா, முதலுதவி சொல்லித்தருகிறார்களா என்று விசாரியுங்கள். சர்க்கரையைக் குணமாக்கும் புள்ளி, கிட்னிக் கல்லைக் கரைக்கும் புள்ளி என்று விளம்பரம் செய்யும் இடத்துக்குப் பணம் கட்டாதீர்கள். அதுவரை, வேறு தொந்தரவு இல்லாத, வாய்விட்டு ‘போதும்’ என்று சொல்லத் தயங்காத ஒன்றிரண்டு பேரிடம் மட்டும் வாரம் ஒருமுறை செய்து பழகுங்கள். அக்காவோ, நண்பரோ, யார் உங்களைத் திருத்துவார்களோ அவர்கள்தான் நல்ல முதல் ஆட்கள்.